இரண்டு பாங்குக்கும் நின்றவர்கள்

வெள்ளைமணல்முனை டொல்பின் விளையாட்டுக் கழகத்தின் ஜேர்சியில் இருப்பது டொல்பின்தான் என்று அதன் தலைவர் முத்தலிபு ஹாஜியார் சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தார். வரைந்து கொடுத்தவர் மதுரங்குளியில் லொறிகளுக்குப் பெயர் எழுதுகிறவர். கடற்பிராணிகளை அவர் கருவாட்டுக் கடையில்தான் கூடுதலாகப் பார்த்திருக்க வேண்டும். காய்ந்து வாய்பிளந்து கிடந்த அந்த மீனை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் முனைப் பொடியன்கள் தேசிய லீக்கின் மூன்றாம் பிரிவில் உதைபந்தாடினார்கள்.

அந்த லீக்கில் நான்காம் பிரிவு என்று ஒன்று இல்லை. ஆகவே தங்களை யாரும் கீழே இறக்க முடியாது என்பது ஹாஜியாருக்குப் பல வருட ஆறுதல். மேலே ஏறலாம் என்ற எண்ணம் அந்த வருடம்தான் வந்தது, அதுவும் மற்றவர்களின் தயவால். ஒரு கழகத்தின் முன்வரிசை மொத்தமும் ஒரே முகவர் மூலம் கட்டாருக்குப் போய்விட்டது. இன்னொரு கழகம் வந்த பஸ் பாலாவிச் சந்தியில் அச்சு முறிந்து நின்றுவிட, அவர்கள் மைதானத்தைக் காணாமலே தோற்றார்கள். இப்படி உதைக்காமல் பெற்ற வெற்றிகளையும் சேர்த்துப் பார்த்தபோது டொல்பின் இரண்டாம் இடத்தில் நின்றது. முதலிடத்தில் கடல்மாதா கழகம். மன்னார்க் கரையில், யுத்தம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிய பிறகு, கோல் கம்பத்திலிருந்து மறுபடி தொடங்கிக் கட்டிய கழகம் அது. கடைசி ஆட்டம் இந்த இரண்டுக்கும், முனையில். கடல்மாதாவுக்குச் சமநிலை போதும். டொல்பின் வென்றே ஆக வேண்டும். வென்றால் இரண்டாம் பிரிவு. இரண்டாம் பிரிவு என்றால் கொழும்பு. கொழும்பு என்றால் புல்.

புல் விஷயத்தில் கெப்டன் அர்கமுக்குத் தனி ஏக்கம் இருந்தது. நடக்கத் தொடங்கிய நாள் முதல் மணலில் விளையாடியவன். உதைத்த பந்து உதைத்த இடத்தைவிட்டு ஒழுங்காக உருண்டு போவதை அவன் தொலைக்காட்சியில்தான் கண்டிருந்தான். டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டு போவது அவனுடைய தொழில். டொல்பின் வராத நாட்களில், இப்போதுதான் இந்தப் பக்கமாகப் போனது என்று வெறுங்கடலைக் கைகாட்டுவதும் அந்தத் தொழிலுக்குள் அடக்கம். முகம் மாறாமல் சின்னப் பொய் சொல்ல அவனுக்கு வரும்.

முனை மைதானம் இரண்டு பள்ளிவாசல்களுக்கு நடுவில் இருக்கிறது. தெற்கே பெரிய பள்ளி, வடக்கே புதிய பள்ளி. இரண்டின் மணிக்கூடுகளும் ஒன்றோடொன்று கதைப்பதில்லை. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு புதிய பள்ளியில் முந்திக் கேட்கும். அது அடங்கிச் சற்று நேரம் கழித்துப் பெரிய பள்ளியில் தொடங்கும். எது சரியான நேரம் என்ற விவாதத்தில் கலியாணங்கள் குழம்பியிருக்கின்றன. மைதானத்தில் மட்டும் அந்தச் சண்டை இல்லை. முதல் பாங்கு கேட்டதும் பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் அதைக் காலுக்கடியில் வைத்துக்கொள்ள, எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இரண்டாவது பாங்குக்கு நிற்பதில்லை. இரண்டுக்கும் நின்றால் விளையாடியது போலவும் இராது, தொழுதது போலவும் இராது. பாங்குக்கு மைதானத்தில் மேய்கிற கழுதைகள்கூட நிற்கும் என்று ஹாஜியார் பெருமையாகச் சொல்வார். கழுதைகள் மற்ற நேரத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த வழக்கத்தை விருந்தாளிகளுக்குச் சொல்ல வேண்டியது கெப்டனின் பொறுப்பு. டொஸ் போட வந்தபோது கடல்மாதாவின் கெப்டன் ஜெனோசனிடம் அர்கம் சொன்னான். ஜெனோசன் முப்பது வயது மதிக்கத்தக்க, நிதானமான ஆள். ஓம், அது நல்ல பழக்கம்தானே என்றான். திரும்பிப் போய்த் தன் ஆட்களை வட்டமாக நிற்க வைத்து விளக்கினான். பின்வரிசையில் விளையாடும் சாள்ஸ் ஏதோ முணுமுணுக்க, அவன் தோளில் ஒரு தட்டு விழுந்ததையும் அர்கம் கண்டான். இரண்டாவது பாங்கைப் பற்றி அர்கம் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மத்தியஸ்தருக்கும் சொல்லவில்லை. அதை ஹாஜியார் சொல்லியிருப்பார் என்று அவன் நினைத்தான். அவன் சொல்லியிருப்பான் என்று ஹாஜியார் நினைத்தார். மத்தியஸ்தர் குருநாகலிலிருந்து வந்த கண்டிப்பான மனிதர். தமிழ் தெரியாது. அவர் வந்த பஸ்ஸும் பிந்தியதால் ஆட்டம் தொடங்கும்போதே நிழல்கள் நீளத் தொடங்கியிருந்தன.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. டொல்பின் உதைத்ததையெல்லாம் கடல்மாதாவின் கோல் காப்பாளன் கீதன் பிடித்தான். கடல்மாதா உதைத்ததையெல்லாம் காற்றுப் பிடித்தது. இடைவேளையில் ஹாஜியார் பொடியன்களைக் கூட்டி, கொழும்பில் புல் எப்படியிருக்கும் என்று வர்ணித்தார். கேட்டுக்கொண்டிருந்த அர்கமுக்கு அழுகை வரப் பார்த்தது. இரண்டாம் பாதியும் அப்படியே ஓடி, மத்தியஸ்தர் மணிக்கூட்டை அடிக்கடி பார்க்கத் தொடங்கியபோது, புதிய பள்ளியின் ஒலிபெருக்கி ஒருமுறை செருமிவிட்டு அந்தி நேரத்து மஃரிப் பாங்கைத் தொடங்கியது.

பந்து அப்போது சாள்ஸிடம் இருந்தது. அவன் அதை நிறுத்திவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். காலை அதன்மேல் வைக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. பந்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று நினைத்தானோ என்னவோ, ஓரடி தள்ளியே நின்றான். கடல்மாதாவின் பதினொரு பேரும் நின்றார்கள். கீதன் கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துத் தலையைக் குனிந்துகொண்டான். கோவிலில் நிற்பது போல நின்றார்கள். டொல்பின்காரர்களும் நின்றார்கள். அர்கமும் நின்றான்.

மத்தியஸ்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவர் காயத்துக்கு நின்ற ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார், மழைக்கு நின்றதைப் பார்த்திருக்கிறார். இருபத்திரண்டு பேரும் ஒன்றாகக் களைத்துப்போனதை இப்போதுதான் பார்த்தார். "செல்லம் கரன்ன, செல்லம் கரன்ன," என்று, விளையாடச் சொல்லிக் கையை வீசினார்.

யாரும் அசையவில்லை. அர்கம் பந்தைப் பார்த்தான். பந்துக்கு அப்பால் கீதனின் குனிந்த தலையைப் பார்த்தான். அதற்கு அப்பால் கொழும்பு தெரிந்தது.

அவன் ஓடவில்லை. தொழுகையில் நிற்பவர்களுக்குப் பின்னால் போகிறவன் எப்படிப் போவானோ அப்படி, காலடி கேட்காமல், மெல்ல நடந்து போனான். சாள்ஸின் பக்கத்திலிருந்து பந்தை எடுத்தபோது சாள்ஸ் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தான். வேறு எங்கேயாவது ஒதுக்கி வைக்கப் போகிறான் என்று நினைத்திருப்பான். அர்கம் பந்தைத் தட்டிக்கொண்டு கோலுக்கு முன்னால் வந்து, கீதனுக்கு இடது பக்கமாக, மெதுவாக உருட்டிவிட்டான். பாங்கு சொல்லும் மோதினார் அப்போது வெற்றியின் பக்கம் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தார். அந்த வெற்றி வேறு என்று அர்கமுக்குச் சிறு வயதிலேயே ஓதிக் கொடுத்திருந்தார்கள்.

மத்தியஸ்தர் விசில் ஊதிக் கோல் என்று கைகாட்டினார். கரையில் நின்ற கூட்டத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பாங்கு சொல்லும்போது சத்தம் போடக் கூடாது. கழகத்தின் சரித்திரத்திலேயே பெரிய கோலை முந்நூறு பேர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். பாங்கு முடிந்தது. ஹாஜியார் துஆ கேட்கத் தூக்கிய கைகளை முகத்தில் தடவி இறக்கினார். பிறகு அதே கைகளை மறுபடி தூக்கி, "கோல்," என்றார். இப்போது கத்தலாமா கூடாதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் அதற்குப் பிறகுதான் கத்தியது. டொல்பின்காரர்கள் யாரும் அர்கமைக் கட்டிப்பிடிக்க ஓடி வரவில்லை. இருவர் வந்தார்கள், பாதி வழியில் பூட்ஸ் கயிறு கட்ட நின்றுவிட்டார்கள்.

சாள்ஸ் மத்தியஸ்தரை நோக்கிப் போக, ஜெனோசன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினான். பிறகு அர்கமிடம் வந்தான். திட்டப் போகிறான் என்று அர்கம் எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாங்கு முடிஞ்சுதா?" என்று கேட்டான் ஜெனோசன். "இனி விளையாடலாமா?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். அர்கம் தலையை ஆட்டினான்.

பந்தை நடுவில் வைத்துத் தொடங்கினார்கள். கடல்மாதா அதுவரை விளையாடாத விளையாட்டையெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விளையாடியது. ஜெனோசன் இரண்டு பேரை வெட்டி, மூன்றாவதாக வந்த அர்கமையும் தாண்டிப் போனான். முன்னால் டொல்பினின் கோல் காப்பாளனைத் தவிர யாரும் இல்லை. அந்தப் பொடியன் முகத்தில் ஏற்கெனவே கோல் வாங்கிய களை. ஜெனோசன் காலை ஓங்கியபோது பெரிய பள்ளியில் பாங்கு தொடங்கியது.

ஓங்கிய கால் இறங்கியது. ஜெனோசன் பந்தை நிறுத்தினான். மூச்சு வாங்க, வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்ட, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கடல்மாதா முழுவதும் நின்றது.

அர்கம் அவனுக்குப் பின்னால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தான். அடிங்க, இதுக்கு நிக்கிறதில்ல என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முனையில் பிறந்த எவனும் இரண்டாவது பாங்குக்கு மைதானத்தில் நின்றதில்லை. அர்கம் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, கைகளை முன்னால் கோத்து, தலையைக் குனிந்து, மிகுந்த பக்தியோடு நின்றான். அவன் நிற்பதைப் பார்த்து மற்ற டொல்பின்காரர்களும் நின்றார்கள். கரையில் ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மத்தியஸ்தர் இந்த முறை கை வீசவில்லை. இந்தக் கரையோரத்தில் இப்படியும் ஒரு வியாதி இருக்கிறது என்று முடிவு கட்டியிருப்பார். மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் முடிந்திருந்தது. நீளமாக விசில் ஊதினார்.

டொல்பின் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது.

பள்ளியில் அர்கமுக்குப் பக்கத்தில் நின்று தொழுதவர்கள் வழக்கம்போலத் தோளோடு தோள் சேர்ந்துதான் நின்றார்கள். ஆனாலும் தன் இரு பக்கமும் காற்று வருவதுபோல அவனுக்கு இருந்தது. தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஊர் ஏற்கெனவே காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தது. விசில் ஊதாமல் நின்றது அவர்களுடைய பிழை என்றார் ஒருவர். மத்தியஸ்தர் விளையாடச் சொன்னார், பெரியவர் பேச்சைக் கேட்பது ஒழுக்கம் என்றார் இன்னொருவர். ஹாஜியாரின் காரணம்தான் எல்லாவற்றிலும் உறுதியானது. முதல் பாங்கு புதிய பள்ளியுடையது, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே கோல் போட்டோம். இரண்டாவது நம்முடைய பள்ளியின் பாங்கு, அதற்கு ஒழுங்காக நின்றோம். இதில் எங்கே பிழை என்று கேட்டார். அவர் பக்கத்தில் நின்று தலையாட்டியவர்களில் பாதிப் பேர் புதிய பள்ளியில் தொழுகிறவர்கள்.

அர்கம் அவரைத் தனியே கூப்பிட்டு, லீக்காரரோடு கதைத்து ஆட்டத்தைத் திரும்ப வைக்க ஏலாதா என்று கேட்டான்.

"மேல ஏறி ஒரு மஃரிப்கூட முடியல்ல," என்றார் ஹாஜியார். "அதுக்குள்ள கீழ எறங்க வழி கேக்கிறியா மகன்? காத்து. காத்துல பாங்கு கேக்கல்ல. யாரும் கேட்டா அதச் சொல்லு."

அது நல்ல பொய். சின்னது, கையடக்கமானது. டொல்பின் இப்போதுதான் இந்தப் பக்கமாகப் போனது என்பதைவிடச் சுலபமானது. சாப்பாட்டுக்கு உட்காரும்வரை அர்கம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

யார் வென்றாலும் விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்துத்தான் அனுப்புவது என்று முன்பே முடிவாகியிருந்தது. ஹாஜியார் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து சஹன்கள் வைத்தார்கள். ஒரு சஹன் என்றால் பெரிய தட்டு நிறையச் சோறு. அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிட வேண்டும். மற்ற விருந்துகளில் வேண்டாதவனை விட்டுத் தூரமாக உட்காரலாம். சஹனில் அவனுடைய கையும் உன்னுடைய கையும் ஒரே சோற்றில் சந்திக்கும். ஹாஜியார் கெப்டன்களை ஒரே சஹனில் உட்கார வைத்தார். அவர் இருந்தார், டொல்பினின் கோல் காப்பாளன் இருந்தான், எதிரே ஜெனோசன், சாள்ஸ், கீதன்.

சோற்றின் நடுவில் ஒரு பெரிய கோழிக்கால் இருந்தது. நல்ல துண்டை விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம். அர்கம் அதை ஜெனோசனின் பக்கம் தள்ளினான். ஜெனோசன், நீங்க எடுங்க என்று திருப்பித் தள்ளினான். அர்கம் மறுபடி தள்ளினான். கோழிக்கால் நடுக்கோட்டைத் தாண்டித் தாண்டி வந்தது.

கத்தரிக்காய் மோஜுவை எடுத்து வைத்துக்கொண்டே ஹாஜியார் பேச்சைத் தொடங்கினார். பொடியன் பாவம், இந்தக் காற்றில் அவனுக்குப் பாங்கு கேட்கவில்லை, கேட்டிருந்தால் அசைந்திருக்க மாட்டான் என்றார். எல்லாரும் அர்கமைப் பார்த்தார்கள். ஜெனோசன் அவனைக் காப்பாற்ற வந்தான். ஓம், காற்று பலமாகத்தான் இருந்தது, எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை என்றான்.

அர்கமின் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினால் போதும். விழுங்கினான்.

"எனக்குக் கேட்டிச்சி," என்றான்.

ஹாஜியாரின் கை மோஜுவில் நின்றது.

"தெரியும்," என்றான் ஜெனோசன். குரலில் கோபம் இல்லை. "நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான். கேக்காதவன் எண்டால் ஓடி வந்திருப்பான். நீங்க நடந்து வந்தனீங்க. விடுங்க, ஆட்டம்தானே. சாப்பிடுங்க."

அர்கமுக்கு நெஞ்சு லேசானது. இவ்வளவுதானா என்று இருந்தது. சொன்னான், மன்னித்துவிட்டார்கள், சோறும் ருசியாக இருக்கிறது. பேச்சு அந்த இடத்தோடு நின்றிருந்தால் அவன் நல்லவனாகவே வீட்டுக்குப் போயிருப்பான். ஆனால் ஜெனோசன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டாவது பாங்குதான் எங்கட பொடியளுக்குக் கொஞ்சம் கவலை. சாள்ஸ் என்னை இன்னும் ஏசிக்கொண்டிருக்கிறான். அடிச்சிருக்கலாம் எண்டுறான். நான் அவனுக்குச் சொன்னன், பின்னால திரும்பிப் பார், அவங்களும் நிண்டவங்கள்தானே எண்டு. ஒரு ஊரில விளையாட வந்தால் அந்த ஊர் வழக்கத்தைக் காக்கோணும். அந்த நேரம் நீங்க நிண்டது எனக்குச் சந்தோஷம். முதல் பிழை அதோட சரி."

இரண்டாவது பாங்கைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. முனைக்காரர் ஒருவரும் சொல்லப் போவதில்லை. கடல்மாதா மன்னாருக்குத் திரும்பிப் போய், தோற்றாலும் மரியாதையோடு தோற்றோம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதையும் பறிப்பதா, அல்லது பொய்யாக அவர்களிடமே விட்டுவைப்பதா என்று அர்கமுக்குத் தெரியவில்லை. எதைச் செய்தாலும் திருடன்தான். ஹாஜியார் அவனுடைய முழங்காலில் தன் முழங்காலால் ஓர் இடி கொடுத்தார்.

"ரெண்டாவதுக்கு நாங்க நிக்கிறதில்ல, அண்ண," என்றான் அர்கம். சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். "ஒரு நாளும் நிண்டதில்ல. முதலாவதுக்கு மட்டுந்தான். நீங்க நிண்ட நேரம் அடிங்கண்டு சொல்ல வாயத் தொறந்தன். சொல்லல்ல."

ஜெனோசன் தன் கையைப் பார்த்தான். அது சோற்றுக்குள் இருந்தது. எழுந்து போகத் தோன்றியிருக்கும். பாதி உடம்பு எழும்பவும் செய்தது. பிறகு உட்கார்ந்தான். அவன் முகத்தில் இவ்வளவு நேரமும் இருந்த அந்தப் பெருந்தன்மை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறியது. அதைக் கொடுத்தவனும் தான்தான், பிடுங்கியவனும் தான்தான் என்று அர்கம் நினைத்தான். கீதன் மெல்லத் தண்ணீர்க் கோப்பையை எடுத்து ஜெனோசனின் பக்கம் நகர்த்தினான். ஹாஜியார் கடைசி இனிப்பான வட்டலப்பத்தைக் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். சோறே முடியவில்லை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

சாள்ஸ்தான் கையை நீட்டினான். நடுவில் அநாதையாகக் கிடந்த கோழிக்காலைத் தொட்டுக்கொண்டு அர்கமைப் பார்த்தான்.

"இதை நான் எடுக்கலாமோ," என்று கேட்டான், "இல்லாட்டி இதுக்கும் ஏதும் வழக்கம் இருக்கோ?"

"எடுங்க," என்றான் அர்கம்.

பக்கத்துச் சஹன்களில் சிரிப்பும் பேச்சும் கேட்டுக்கொண்டிருந்தன. இந்தச் சஹனில் யாரும் சிரிக்கவில்லை. அர்கமுக்கு எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் சஹனில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் எழும்பக் கூடாது. சாள்ஸ் அந்தக் கோழிக்காலை, மிகவும் ஆறுதலாக, அவசரப்படாமல், ஒவ்வொரு நாராகப் பிய்த்துச் சாப்பிட்டான்.